நீதி கேட்காத நூலகப் பாடவேளை: புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொடக்கப் பள்ளியிலோ நடுநிலைப் பள்ளியிலோ முதன்முதலாக நூலகப் பாடவேளையை ஏற்கும் ஆசிரியர் செய்ய வேண்டிய முதல் வேலை, தலைமை ஆசிரியர் அறையில் இருக்கும் பீரோவின் சாவியைக் கேட்டு வாங்குவது. பல பள்ளிகளில் கதைப் புத்தகங்கள் அங்கேதான் இருக்கின்றன. இருப்புப் பதிவேட்டில் ஏறியவை என்பதால், ஒன்று தொலைந்தாலும் தணிக்கையில் கேள்வி வரும் என்ற அச்சத்தில் அவை பூட்டப்பட்டிருக்கின்றன. அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். பணியில் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகள் நானும் அப்படித்தான் பூட்டி வைத்திருந்தேன்.

சாவியைக் கேட்கத் தயக்கமாக இருந்தால், கேட்பதற்கு உங்களிடம் வலுவான காரணங்கள் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ்களும் இதழ்களும் கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட நூல்களும் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. சமக்ர சிக்ஷா என்ற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூலக மானியமாகத் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரையும், எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கு 13,000 ரூபாய் வரையும் ஒதுக்க இடமுண்டு. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதல் விதியே, நூல்கள் பயன்படுத்துவதற்காகவே என்பதுதான். தலைமை ஆசிரியரிடம் சட்டப் பிரிவைக் காட்டி வாதிடுவதைவிட, தொலையும் புத்தகங்களுக்கு நான் பொறுப்பேற்கிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பது விரைவில் பலன் தரும். என் அனுபவத்தில் ஓராண்டில் தொலைந்தவை மூன்று அல்லது நான்கு. அவற்றிலும் ஒன்று அடுத்த கல்வியாண்டில் வெள்ளத்தில் நனைந்த முகத்தோடு திரும்பி வந்தது.

கீழே சொல்பவை மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை, ஏறத்தாழ முப்பது குழந்தைகள் இருக்கும் வகுப்பை மனத்தில் கொண்டு எழுதியவை. வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள் கிடைத்தால் நல்லது. ஒன்று வாசிக்கவும் பேசவும், மற்றொன்று எதையாவது உருவாக்கவும். ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் வாசிப்பையும் பேச்சையும் விட்டுவிடாமல், உருவாக்கும் வேலையைத் தமிழ்ப் பாடவேளையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புத்தகங்களை வெளியே கொண்டுவருதல்

முப்பது குழந்தைகளுக்கு அறுபது புத்தகங்களாவது ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முதுகுப் பக்கம் தெரியுமாறு அடுக்கினால் குழந்தைக்கு அவை செங்கல் அடுக்கு போலத்தான் தோன்றும். அட்டை தெரியுமாறு வைத்தால்தான் கை நீளும். சன்னல் கம்பிக்கும் ஆணிக்கும் இடையில் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்புகளால் தொங்கவிடுவது நம் பள்ளிகளில் பழகிப்போன வழி. அதில் பலரும் செய்யும் பிழை, கயிற்றை ஆசிரியரின் தோள் உயரத்தில் கட்டுவது. வகுப்பிலேயே மிகக் குள்ளமான குழந்தையை நிற்க வைத்து, அதன் மார்பு உயரத்தில் கயிற்றைக் கட்டுங்கள்.

இப்போது அரசுப் பள்ளிகளுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் வந்திருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் அவை அமைக்கப்பட்டுள்ளன. ஊஞ்சல், தேன்சிட்டு என்ற சிறுவர் இதழ்களும் வருகின்றன. இவற்றோடு நேஷனல் புக் டிரஸ்ட், துலிகா, பாரதி புத்தகாலயம் ஆகிய பதிப்பகங்களின் சிறுவர் நூல்களைச் சேர்த்தால் தொடக்கத்துக்குப் போதும். இணைய வசதியுள்ள பள்ளியாக இருந்தால், பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி, ஸ்மார்ட் பலகையில் பெரிதாகக் காட்டலாம். ஒரே கதை பல மொழிகளில் அங்கே கிடைப்பது, வீட்டில் தெலுங்கோ உருதோ இந்தியோ ஒடியாவோ பேசும் குழந்தைகள் இருக்கும் வகுப்புக்குப் பெரும் உதவி. நிலைகளைப் பற்றி ஒரு சொல்: நுழை நிலைப் புத்தகத்தை எடுக்கும் ஐந்தாம் வகுப்புக் குழந்தையிடம் இது சின்னப் பிள்ளைகளுக்கானது என்று சொல்லிவிட்டால், அது மறுமுறை எந்தப் புத்தகத்தையும் எடுக்காது. நிலைகள் ஆசிரியரின் கணக்குக்காக. அவற்றை உரக்கச் சொல்ல வேண்டியதில்லை.

கிழிந்த புத்தகத்துக்கு செலோ டேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி, தாளையும் பிய்த்துக்கொண்டு வரும். மெல்லிய வெள்ளைத் தாளும் பசையும் போதும். அட்டை கழன்றால் ஊசி நூலால் நடு மடிப்பில் மூன்று துளையிட்டுத் தைக்கலாம். இந்த வேலையைக் குழந்தைகளிடமே விடுங்கள். தான் தைத்த புத்தகத்தை யாரும் கிழிப்பதில்லை.

குழந்தைக்கு ஏற்ற புத்தகம்

ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு, ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் உனக்குக் கடினம் என்று சொல்லும் ஐந்து விரல் முறை பயிற்சி வகுப்புகளில் பரவலாகச் சொல்லித்தரப்படுகிறது. தமிழில் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆங்கிலச் சொல் குறுகியது; நம் சொல்லோ விகுதியும் வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு நீள்வது. போ என்ற சொல் தெரியாத குழந்தை இல்லை. ஆனால் 'போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று ஒரே மூச்சில் அச்சாகியிருந்தால் நான்காம் வகுப்புக் குழந்தை தடுமாறத்தான் செய்யும். அந்தத் தடுமாற்றத்தைச் சொல் தெரியாமை என்று கணக்கில் எடுக்கக் கூடாது. சொல்லை விரலால் மறைத்து, போய், கொண்டு, இருந்தவர்களிடம், இருந்து என்று துண்டு துண்டாகத் திறந்து காட்டினால் அது தானே படித்துவிடும். ஆகவே, விரல் மடக்குவதற்கு முன் மறைத்துத் திறக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள். அதன் பிறகும் கடினமான புத்தகத்தைத்தான் எடுப்பேன் என்று குழந்தை அடம்பிடித்தால் கொடுத்துவிடுங்கள். படங்களைப் பார்த்துவிட்டு நாளை திருப்பித் தந்தாலும் நட்டமில்லை.

உரக்க வாசித்துக் காட்டுதல்

குழந்தைகளை வாசகராக்க ஓர் ஆசிரியர் செய்யக்கூடியவற்றில் இதற்கு இணையாக வேறொன்றை நான் கண்டதில்லை. முதல் நாளே வீட்டில் புத்தகத்தை இரண்டு முறை உரக்கப் படித்துப் பாருங்கள். முதல் வாசிப்பில் நாக்கு எங்கே புரளுகிறது என்று தெரியும். இரண்டாவதில் எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று தெரியும். வகுப்பில் நாற்காலியில் உட்காராமல், பாயிலோ தரையிலோ குழந்தைகளோடு அமர்ந்து, புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில் அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் பார்த்து வாசியுங்கள். ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுப் பிறகு படத்தைக் காட்டுவதைவிட, படம் அவர்கள் கண்ணில் இருக்கும்போதே வாசிப்பதுதான் சரி. பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் வேண்டாம்.

நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று அவர்கள் மனம் ஓடத் தொடங்கும் இடமாக அது இருக்க வேண்டும். நான்கு வரிக்கு ஒரு முறை நிறுத்திச் சொற்பொருள் சொன்னால் கதை செத்துப்போகும்; பயிற்சியில் வந்த ஓர் ஆசிரியர் பத்துப் பக்கக் கதையில் இருபத்து மூன்று இடங்களில் நிறுத்தியதை நான் பின் வரிசையில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். கதை முடிந்ததும் புத்தகத்தை மூடி, உங்கள் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அரை நிமிட அமைதி ஆசிரியருக்கு மிக நீளமாகத் தோன்றும். குழந்தைகளுக்கு அப்படித் தோன்றாது.

முதல் பேச்சு

அந்த அமைதிக்குப் பிறகு, பழக்கத்தால் நம் நாவில் வந்து நிற்கும் கேள்வி, 'இந்தக் கதையின் நீதி என்ன?' என்பதுதான். அதைக் கேட்காதீர்கள். நீதி கேட்கப்பட்ட நொடியில், ஆசிரியர் மனத்தில் ஒரு விடை இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதே வேலை என்று குழந்தைகள் புரிந்துகொள்கிறார்கள். பிறகு உண்மை பேச வேண்டும், திருடக் கூடாது, ஏமாறக் கூடாது என்று மூன்று விடைகளுக்குள் எல்லாக் கதைகளும் அடங்கிவிடும்.

அதற்குப் பதிலாகக் கரும்பலகையை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பத்தியில் பிடித்தது, இன்னொன்றில் புரியாதது, மூன்றாவதில் இதைக் கேட்டதும் நினைவுக்கு வந்தது. குழந்தை சொல்வதை அதே சொற்களில், பக்கத்தில் அதன் பெயரோடு எழுதுங்கள். சரி, தவறு, நன்று என்று எதுவும் சொல்ல வேண்டாம். முதல் இரண்டு வாரம் எல்லோரும் பிடித்தது பத்தியையே நிரப்புவார்கள். பொறுத்திருந்தால் மூன்றாவது வாரத்தில் புரியாதது பத்தி நீளத் தொடங்கும். வேலை உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த பாட்டி வடை சுட்ட கதையை ஒரு நான்காம் வகுப்பில் சொன்னேன். காகம் ஏமாந்ததைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு சிறுமி எழுந்து, "காக்காவும் நரியும் சண்ட போட்டுக்குதுங்க. பாட்டிக்கு வடைக்குக் காசு யாரு குடுப்பா?" என்று கேட்டாள். அவளுடைய ஆயா காலையில் வாசலில் இட்லி விற்பவர். பத்து இட்லி வீணானால் அன்றைய உழைப்பே போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். அத்தனை ஆண்டுகளாக அந்தக் கதையைச் சொல்லிவந்த எனக்கு, பாட்டியை ஒரு வியாபாரியாகப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தக் கேள்வியை புரியாதது பத்தியில் எழுதினேன். அடுத்த இரண்டு வாரங்கள் வகுப்பு அதைச் சுற்றியே நடந்தது: கால் கிலோ உளுந்தில் எத்தனை வடை வரும், எண்ணெய்க்கு எவ்வளவு, விறகுக்கு எவ்வளவு, ஒரு வடையை என்ன விலைக்கு விற்றால் போன வடையின் நட்டத்தை ஈடுகட்டலாம் என்று வீட்டில் கேட்டு வந்து கணக்குப் போட்டார்கள். கணக்கு ஆசிரியர் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும்

புதிய ஆசிரியர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இது. புத்தகம் எழுத்துத் தமிழில் இருக்கிறது. குழந்தையின் எண்ணம் அதன் ஊர்ப் பேச்சில் பிறக்கிறது. கதையைப் பற்றி ஆர்வத்தோடு பேசத் தொடங்கும் குழந்தையை, 'சென்றான் என்று சொல்' என்று ஒரு முறை திருத்திவிட்டால் போதும், அது பேசுவதை நிறுத்திவிடும் அல்லது புத்தக வரியை ஒப்பிக்கத் தொடங்கிவிடும். ஆகவே, வாய்மொழியாகப் பேசும்போதும் நடிக்கும்போதும் எந்தத் திருத்தமும் கூடாது; திருநெல்வேலிக் குழந்தை திருநெல்வேலித் தமிழிலும் கோவைக் குழந்தை கோவைத் தமிழிலும் பேசட்டும்.

எழுதும்போது ஓர் எளிய பங்கீட்டைக் கற்றுக்கொடுக்கலாம். கதை சொல்பவர் பேசுவது எழுத்துத் தமிழில். பாத்திரங்கள் பேசுவது, மேற்கோள் குறிக்குள், அவரவர் வாய்மொழியில். தமிழ்ச் சிறுகதைகள் நெடுங்காலமாக இப்படித்தான் எழுதப்படுகின்றன என்பதால் குழந்தைகளுக்கும் இது இயல்பாகவே கைவருகிறது. 'ஐயோ, என் வடையைக் காகம் எடுத்துச் சென்றுவிட்டதே என்று பாட்டி கூறினாள்' என்று எழுதிய பையனிடம், உங்கள் பாட்டி இப்படிப் பேசுவாரா என்று மட்டும் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு அழித்து எழுதினான்: "அடப் பாவி காக்கா, அடுப்புச் சூட்டுல வெந்து வெந்து சுட்டேனே, அலுங்காமத் தூக்கிட்டுப் போறியே!" இரண்டாவது வரியில் ஒரு பாட்டி இருக்கிறார்.

ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் பிழையாக வரத்தான் செய்யும். அவற்றைக் குழந்தையின் படைப்பில் சிவப்பு மையால் வட்டமிடாமல், உங்கள் குறிப்பேட்டில் எழுதிவைத்து, மறுநாள் தமிழ்ப் பாடத்தில் யாருடைய பிழை என்று சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவாகக் கற்பியுங்கள்.

உடலிலிருந்து தாளுக்கு

வாசித்த உடனே எழுதச் சொல்வதுதான் பெரும்பாலான நூலகப் பாடவேளைகள் சோர்ந்துபோவதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். நடிப்பு, பிறகு படம், அதன் பிறகு எழுத்து என்ற வரிசையில் சென்றால், எழுதும் நேரத்தில் குழந்தையிடம் எழுத ஏதாவது இருக்கும்.

நடிப்பில் எளியது சிலைக் காட்சி. நான்கு பேர் கொண்ட குழு, கதையின் ஒரு நொடியைத் தேர்ந்தெடுத்து அசையாமல் நிற்க வேண்டும். நீங்கள் ஒருவரின் தோளைத் தொட்டால், அந்தப் பாத்திரம் அந்த நொடியில் மனத்துக்குள் என்ன நினைக்கிறதோ அதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். மரமாக நிற்கும் குழந்தையின் தோளையும் தொடுங்கள். மரத்துக்கு எப்போதும் மற்றவர்களைவிடச் சுவையான கருத்து இருக்கும்.

அடுத்தது கேள்வி நாற்காலி. நாற்காலியில் உட்காருபவர் கதையின் ஒரு பாத்திரம். வகுப்பு கேட்கும் கேள்விகளுக்கு அந்தப் பாத்திரமாகவே, நான் என்று தொடங்கி விடை சொல்ல வேண்டும். முதல் முறை நீங்களே உட்காருங்கள். ஆசிரியர் நரியாக உட்கார்ந்து அகப்பட்டுக்கொண்டு விழிப்பதைப் பார்த்த பிறகுதான் குழந்தைகளுக்குத் துணிவு வரும். ஆம், இல்லை என்று விடை வரும் கேள்விகளைத் தள்ளி, ஏன், எப்படி, பிறகு என்ன என்று தொடங்கும் கேள்விகளை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு முறை காகமாக உட்கார்ந்த பையனிடம், ஏன் திருடினாய் என்று கேட்டார்கள். "கூட்டுல மூணு குஞ்சு பசியா இருக்கு" என்றான். "அப்போ நேரா கூட்டுக்குப் போகாம ஏன் மரத்துல உக்காந்தே?" என்று பின் வரிசையிலிருந்து மடக்கினாள் ஒருத்தி. சற்று யோசித்து, "வடை சூடா இருந்துச்சு, குஞ்சுக்கு வாய் பொள்ளும், ஆறட்டும்னு உக்காந்தேன்" என்றான். கதையில் எங்கும் எழுதப்படாத ஒரு காகம் அங்கே உருவாகிவிட்டது.

கூச்சம் மிகுந்த வகுப்பாக இருந்தால் வில்லுப்பாட்டு வடிவம் கைகொடுக்கும். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஒவ்வொரு வரிக்கும் 'ஆமா' போட வேண்டும். வில்லுக்குப் பதில் மேசையும் குடத்துக்குப் பதில் சத்துணவுத் தட்டும் போதும். தனியாகப் பேசவே பேசாத குழந்தை கூட்டத்தோடு ஆமா போடும். ஒரு மாதத்தில் அது கதை சொல்பவரின் இடத்துக்கு நகர்ந்து வருவதைப் பார்க்கலாம்.

படம் வரைவதில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: புத்தகத்தில் இல்லாத படத்தை வரைய வேண்டும். அட்டைப் படத்தைப் பார்த்து வரையச் சொன்னால், நன்றாக வரையத் தெரிந்த இருவர் வரைவார்கள். மற்றவர்கள் ரப்பரால் தாளைத் தேய்ப்பார்கள். கதை தொடங்குவதற்கு முந்தைய நாள் பாட்டி வீடு எப்படி இருந்தது, வடையைத் தின்ற பிறகு நரி எங்கே போனது என்று கேட்டால், பார்த்து வரைய எதுவும் இல்லாததால் எல்லோரும் சமமாகிவிடுகிறார்கள்.

எழுத்துக்கு வரும்போது, கதைச் சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். குழந்தைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த வடிவங்களைக் கொடுங்கள். கடிதப் பாடத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று அவர்கள் படித்திருப்பார்கள். அதையே கொண்டு, பாட்டி காவல் நிலையத்துக்கு எழுதும் புகார் மனுவை எழுதச் சொன்னேன். 'பொருள்: வடை திருட்டு – காகத்தின் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக' என்று தொடங்கிய மனுவில், திருட்டுப்போன பொருளின் அடையாளம் என்ற இடத்தில், 'நடுவில் ஓட்டை இருக்கும்' என்று எழுதியிருந்தது. திருமண அழைப்பிதழ், பேருந்துப் பயணச்சீட்டு, கடை விலைப்பட்டியல், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கும் செய்தி, கோயில் திருவிழாத் துண்டறிக்கை என்று அவர்கள் அன்றாடம் காணும் எதையும் இப்படிப் பயன்படுத்தலாம்.

கதையல்லாத நூல்களை மறந்துவிட வேண்டாம். எறும்பைப் பற்றிய நூலை வாசித்தால், மைதானத்தில் இருபது நிமிடம் எறும்பு வரிசையைப் பார்த்துவிட்டு, நூலில் சொல்லாத ஒன்றை எழுதி வருவதே அதற்கு ஏற்ற எதிர்வினை.

ஒரே தாளில் எட்டுப் பக்கப் புத்தகம்

தன் கதையைத் தானே நூலாக்கிப் பார்ப்பதுபோல் குழந்தைக்குப் பிடித்தது வேறில்லை என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு ஏ4 தாளை அகலவாட்டில் வைத்து, நீண்ட விளிம்புகள் இரண்டும் சேருமாறு மடித்துப் பிரியுங்கள். அடுத்து, குறுகிய விளிம்புகள் சேருமாறு மடித்து, அதையே மறுபடியும் அதே திசையில் ஒரு முறை மடித்து முழுவதும் பிரித்தால், தாளில் எட்டுக் கட்டங்கள் தெரியும். இப்போது குறுகிய விளிம்புகள் சேருமாறு ஒரே ஒரு முறை மடித்து, மடிப்பு உள்ள பக்கத்திலிருந்து, நடுவில் செல்லும் கோட்டின் மேல், பாதித் தூரம் மட்டும் கத்தரியுங்கள். பிரித்தால் தாளின் நடுவில் ஒரு பிளவு இருக்கும். நீண்ட விளிம்புகள் சேருமாறு மடித்து, இரு முனைகளையும் பிடித்து உள்நோக்கித் தள்ளினால், பிளவு விரிந்து கூட்டல் குறி வடிவம் வரும். இதழ்களை ஒரே பக்கமாகச் சுற்றி மடித்தால் அட்டையோடு எட்டுப் பக்கப் புத்தகம் தயார். பசையும் தேவையில்லை, நூலும் தேவையில்லை.

தாளின் ஒரு பக்கம் மட்டுமே வெளியே தெரியும் என்பதால், ஒரு பக்கம் அச்சிட்ட பழைய வினாத்தாள்களை இதற்குப் பயன்படுத்தலாம். மடித்த பிறகே பக்க எண்ணை எழுதச் சொல்லுங்கள். பிரித்து வைத்த நிலையில் எழுதினால் பாதிப் பக்கங்கள் தலைகீழாக வரும். முதல் முறை நான் அதைச் சொல்ல மறந்து, முப்பது தலைகீழ்ப் புத்தகங்களை வாங்கினேன். கடைசிப் பக்கத்தை ஆசிரியர் குறிப்புக்கு ஒதுக்குங்கள். பெயர், வகுப்பு, பிடித்த தின்பண்டம், அடுத்து எழுதப்போகும் நூல் ஆகியவற்றை எழுதும்போது அவர்கள் முகத்தில் வரும் மிடுக்கைப் பார்க்க வேண்டும்.

எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள்

ஐந்தாம் வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களாக இருப்பார்கள். அவர்களைத் தனியே பிரித்து எழுத்துப் பயிற்சி கொடுக்க இந்தப் பாடவேளையை எடுத்துக்கொள்ளாதீர்கள். படத்தைப் பார்த்து அந்தக் குழந்தை சொல்லும் கதையை, நான்கு வரிகளுக்கு மேல் போகாமல், அதன் சொற்களிலேயே நீங்கள் எழுதிக் கொடுங்கள். தான் சொன்னதே என்பதால் அடுத்து என்ன சொல் வரும் என்று அதற்குத் தெரியும், தடுமாறாமல் வாசித்துவிடும். அந்த நான்கு வரிகளும் அதன் முதல் வாசிப்பு நூல். ஈராசிரியர் பள்ளியில், பல வகுப்புகள் ஒரே அறையில் இருக்கும்போது, மேல் வகுப்புக் குழந்தைகள் இந்த எழுத்தர் வேலையை மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

மதிப்பெண்ணும் பரிசும்

இரண்டுமே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மாதத்தில் அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு என்று ஒரு முறை அறிவித்தேன். ஒரு பையன் ஒரே வாரத்தில் நாற்பது புத்தகம் எடுத்தான். அட்டையின் பெயரை எழுதிக்கொண்டு திருப்பி வைத்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியவில்லை. நான் கேட்டதும் எண்ணிக்கையைத்தான். இப்போது ஒவ்வொரு குழந்தையின் படைப்பின் கீழும் பென்சிலால் இரண்டு வாக்கியங்கள் எழுதுகிறேன். ஒன்று, இந்த இடத்தில் நின்றுவிட்டேன் என்று ஓர் இடத்தைச் சுட்டுவது. மற்றொன்று, வாசகராக எனக்கு எழுந்த ஒரு கேள்வி. சுவரில் ஒட்டுவதானால் எல்லோருடையதையும் ஒட்டுங்கள். மேற்பார்வைக்கு வரும் அலுவலர் கேட்டால் காட்டுவதற்கு, ஒவ்வொருவரின் தாள்களையும் தேதியிட்டு ஒரு கோப்பில் சேர்த்துவைத்தால் போதும். ஜூன் மாதத் தாளையும் மார்ச் மாதத் தாளையும் அருகருகே வைத்தால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும்.

வீட்டுக்கும் ஊருக்கும்

கதைப் புத்தகம் படித்தால் பாடம் யார் படிப்பது என்று பெற்றோர் கேட்பது நியாயமான கவலை. விளக்கம் சொல்வதைவிட, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு புத்தகத்தை வீட்டுக்கு அனுப்பி, வீட்டில் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சொன்னதை ஒரு வரியில் எழுதி வரச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிகளிடமிருந்துதான், இதே கதை எங்கள் ஊரில் வேறு மாதிரி என்று தொடங்கும் மாற்றுக் கதைகள் வந்து சேருகின்றன.

பள்ளியிலுள்ள நூல்கள் தீர்ந்துவிட்டால், ஊரின் கிளை நூலகத்துக்கோ ஊர்ப்புற நூலகத்துக்கோ குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. வீட்டு வரி ரசீதைக் கொண்டுவரச் சொல்லி, அந்த வரியைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு அழைத்துச் சென்றால், தயங்கித் தயங்கி நுழைபவர்கள் உரிமையோடு நுழைவார்கள். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்களுக்கு, 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

கல்வியாண்டின் இறுதியில் செய்ய வேண்டிய ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. குழந்தைகள் மடித்துச் செய்த எட்டுப் பக்க நூல்களுக்கும் வரிசை எண் கொடுத்து, வழங்கல் பதிவேட்டில் தனிப் பக்கம் ஒதுக்கி, மற்ற புத்தகங்களோடு அதே கயிற்றில் தொங்கவிடுங்கள். இட்லிக்கார ஆயாவின் பேத்தி எழுதிய 'பாட்டியின் வடைக்கணக்கு' எங்கள் கயிற்றில் மூன்றாவது கிளிப்பில் இருந்தது. கை மாறிக் கை மாறி மடிப்பு கிழிந்துபோக, அடுத்த ஆண்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளைத் தாளும் பசையும் வைத்து அதை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.